தடுக்கவில்லையே என்றார்கள்

மஞ்சள் பையிலிருந்து அவர் எடுத்து மேசைமேல் வைத்தது ஒரு பள்ளிக்கூட நோட்டு. நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு, பழுப்புக் காகித அட்டை, ஓரமெல்லாம் மடங்கியிருந்தது. "முதல்ல இதப் படிங்க சார். அப்புறமா நான் சொல்றேன்" என்றார். 2022ஆம் ஆண்டு ஆடி மாதம். மதுரை ஒத்தக்கடையில், உயர்நீதிமன்றக் கிளைக்குப் போகிற வழியில் இருக்கும் என் அலுவலகத்தில் அன்று கூட்டம் குறைவு.

முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே தேதி, விமானம், வரவா போக்கா, எத்தனை நிமிடம், என்ன கேட்டார்கள் என்று வரிசையாக எழுதியிருந்தார். ஒரு வரி: "வரும்போது. 55 நிமிடம். எத்தனை நாள் லீவு. யார் யாரைப் பார்ப்பாய்." அடுத்த வரி: "போகும்போது. 20 நிமிடம். கேள்வி இல்லை. போன் பேசினார்கள். போகச் சொன்னார்கள்." இப்படி 16 வரிகள். எட்டு ஆண்டுகளில் அவர் நாட்டைவிட்டுப் போனது 8 தடவை, வந்தது 8 தடவை. ஒரு தடவைகூட மற்றவர்களோடு வரிசையில் நின்று முத்திரை வாங்கிக்கொண்டு அப்படியே நடந்து போனதில்லை. பாஸ்போர்ட்டைக் கணினியில் வைத்ததும் அதிகாரியின் முகம் மாறும். பக்கத்தில் இருக்கும் நாற்காலியில் உட்காரச் சொல்வார்கள். பின்னால் நிற்கிற நூறு பேரும் பார்ப்பார்கள்.

அவர் சிவகங்கை மாவட்டத்துக் கிராமத்துக்காரர். சிங்கப்பூரில் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். படிப்பு பத்தாம் வகுப்பு. எழுத்து முத்து முத்தாக இருந்தது.

விமான நிலையத்தோடு அது முடிந்திருந்தால் அவர் என்னிடம் வந்திருக்கவே மாட்டார் என்று நினைக்கிறேன். ஊருக்கு வந்த மறுநாளோ அதற்கு மறுநாளோ காவல் நிலையத்திலிருந்து போன் வரும், அல்லது ஏட்டு பைக்கில் வந்து வாசலில் நிற்பார். "வந்துட்டீங்களாமே?" அவ்வளவுதான். மிரட்டல் கிடையாது, பணம் கேட்டதும் கிடையாது. ஏட்டு நல்ல மனிதர், ஒருமுறை மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார் என்றுகூட இவர் சொன்னார். ஆனால் எட்டு வருடமாக அந்தத் தெருவுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இந்த ஆள் ஊருக்கு வந்தால் போலீஸ் வரும்.

2019இல் மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். அவர்கள் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் பைக் நின்றது. இரண்டு நாள் கழித்துத் தரகர் மூலமாக, இது ஒத்துவராது என்று சொல்லியனுப்பினார்கள். "கோர்ட்டு விடுதலை பண்ணின தீர்ப்பு நகலையே கொண்டுபோய்க் காட்டினேன் சார். கேஸ் இல்லன்னா போலீஸ் எதுக்கு வருதுன்னு கேட்டாங்க. அது எனக்கே தெரியலயே, நான் என்னன்னு சொல்ல?"

அந்தப் பழைய வழக்கைச் சொல்லியாக வேண்டும். 2010இல் அவர் விடுமுறையில் வந்திருந்தபோது, குடிதண்ணீர் வரவில்லை என்று ஊரே சேர்ந்து சாலை மறியல் செய்தது. இவரும் போய் உட்கார்ந்தார். எஃப்.ஐ.ஆரில் 17 பேர். சட்டவிரோதமாகக் கூடியது, வழிமறித்தது என்ற பிரிவுகள். விடுமுறை முடிந்து அவர் கப்பல் தளத்துக்குத் திரும்பிவிட்டார். சம்மன் சார்பாகவில்லை, வாய்தாவுக்கு ஆள் வரவில்லை என்று பிடியாணை பிறந்தது. 2011இல் அவர் பெயரில் எல்.ஓ.சி. போட்டார்கள். செய்தித்தாள்களில் 'லுக் அவுட் நோட்டீஸ்' என்று வருவது இதுதான். 2012இல் ஊர் வந்தபோது விமான நிலையத்திலேயே பிடித்து உட்காரவைத்தார்கள்; விடியற்காலையில் நிலையத்திலிருந்து வேன் வந்து அழைத்துப்போனது. ஜாமீன் கிடைத்தது. பாஸ்போர்ட் நீதிமன்றத்தில். இரண்டு வருடம் வாய்தா வாய்தாவாக நடந்து, 2014 தொடக்கத்தில் 17 பேரும் விடுதலை. சிங்கப்பூர் வேலை அதற்குள் போய்விட்டது. வேறு கம்பெனியில் பெர்மிட் வாங்கி மறுபடி போனார். நோட்டின் முதல் வரி அந்தப் பயணம்.

எல்.ஓ.சி. போட்டதில் நான் குறை சொல்லவில்லை. வழக்கு நிலுவையில் இருந்தது, பிடியாணை இருந்தது, ஆள் வெளிநாட்டில் இருந்தார். டெல்லி உயர்நீதிமன்றம் 2010 ஆகஸ்டில் சுமேர் சிங் சல்கான் வழக்கில், பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றத்தில் ஒருவர் வேண்டுமென்றே தப்பித்துத் திரிந்தால் அதற்கு எல்.ஓ.சி. கேட்கலாம் என்று வகுத்துச் சொன்னது. அதை ஒட்டி உள்துறை அமைச்சகம் 27.10.2010 அன்று குறிப்பாணை வெளியிட்டது. மாவட்டத்திலிருந்து கேட்பதானால் எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி கையெழுத்து வேண்டும். அப்போது ஒரு வருடம்தான் ஆயுள். நீட்டிக்கச் சொல்லிக் கேட்காவிட்டால் தானாகவே காலாவதி. அப்படிப்பட்ட குற்றம் ஏதும் இல்லாதவரைத் தடுக்கவோ கைது செய்யவோ கூடாது. அவர் வருவதையும் போவதையும் தெரிவிக்கும்படி மட்டும் கேட்கலாம்.

கடைசி வரியை நான் அதற்கு முன் பலமுறை படித்திருக்கிறேன். எல்.ஓ.சி. வழக்கு என்று என்னிடம் வந்தவர்களெல்லாம் கவுண்டரில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள், விமானத்தைத் தவறவிட்டவர்கள். சட்டப் புத்தகங்களிலும் அவர்கள் கதைதான். 1977இல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை முடக்கினார்கள். 2015 ஜனவரியில் சுற்றுச்சூழல் ஆர்வலர் பிரியா பிள்ளையை லண்டன் போகவிடாமல் டெல்லி விமான நிலையத்தில் தடுத்தார்கள். இரண்டே மாதத்தில் அந்த நடவடிக்கையை டெல்லி உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 'தெரிவித்தால் போதும்' என்ற அந்த வரிக்குள் எட்டு வருடம் வாழ்ந்த ஒரு மனிதரை நான் அன்றுதான் நேரில் பார்த்தேன்.

ரிட் போடுவதற்கு முன்பு தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேட்டோம். என் பெயர் எந்தப் பட்டியலிலாவது இருக்கிறதா, யார் சேர்த்தது, எப்போது? சொந்தப் பெயரைப் பற்றி அவர் கேட்ட கேள்விக்கு ஓரிடத்திலிருந்து, 24ஆம் பிரிவின்படி எங்களுக்கு விலக்கு உண்டு என்று பதில் வந்தது. இன்னோரிடத்திலிருந்து, தகவல் கொடுத்தால் விசாரணைக்குக் குந்தகம் வரும் என்று 8ஆம் பிரிவைக் காட்டினார்கள். எட்டு வருடத்துக்கு முன் விடுதலையான வழக்கில் என்ன விசாரணை? அந்த இரண்டு பதில்களையும் நோட்டின் நகலையும் தீர்ப்பு நகலையும் டைப்டு செட்டில் வைத்து, 226ஆம் பிரிவின் கீழ் மனு தாக்கல் செய்தேன். பெயரை நீக்க வேண்டும், அவரைப் பற்றித் திரட்டிய குறிப்புகளை அழிக்க வேண்டும் என்று இரண்டு பரிகாரம் கேட்டிருந்தோம்.

பதில் மனு வந்தது. மொத்தச் சாரமும் ஒரு பத்தியில் அடங்கிவிடும். மனுதாரரை 2014க்குப் பிறகு எந்தச் சந்தர்ப்பத்திலும் தடுக்கவில்லை, கைது செய்யவில்லை, எல்லா முறையும் அவர் விரும்பியபடி பயணம் செய்திருக்கிறார். எனவே அவருடைய எந்த உரிமையும் பாதிக்கப்படவில்லை. மனு தள்ளுபடிக்கு உரியது.

அதை அவருக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். "தடுத்திருந்தா ஒரு நாளோட போயிருக்கும் சார்" என்றார் பிறகு.

தடுக்கவில்லையே என்ற வாதத்துக்கு வயது அறுபது. கரக் சிங் வழக்கில் உச்சநீதிமன்றத்தில் உத்தரப்பிரதேச அரசு இதே குரலில்தான் பேசியது. 1941இல் கொள்ளை வழக்கில் பிடிக்கப்பட்டு, சாட்சியம் இல்லை என்று விடப்பட்டவர் கரக் சிங். விட்ட பிறகும் அவர் பெயரில் சரித்திரப் பதிவேடு திறந்தார்கள். ராத்திரியில் வந்து கதவைத் தட்டி எழுப்பினார்கள். வெளியூர் போவதானால் ஊர்க்காவல்காரனிடம் எங்கே போகிறேன், எப்போது திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும், போகிற ஊர் போலீசுக்கு உடனே தகவல் பறக்கும் என்பது அவர் மனுவில் கண்ட குறை. அந்த மாநிலத்துப் போலீஸ் விதி 236இல் ஒருவர் வீட்டில் இல்லாத நேரத்தையும் போய்வரும் இடத்தையும் விசாரித்து எழுதுவது ஒரு கடமையாகவே இருந்தது. 18.12.1962 அன்று ஆறு நீதிபதிகளில் நான்கு பேர், ராத்திரிக் கதவைத் தட்டுவது மட்டும் செல்லாது, மற்றதெல்லாம் இருக்கலாம் என்றார்கள். நீதிபதி சுப்பா ராவும் நீதிபதி ஷாவும் ஒப்பவில்லை. பின்னாலேயே ஒரு நிழல் வந்துகொண்டிருக்கும்போது கால்கள் தடையில்லாமல் நடப்பதை மட்டும் வைத்து அதைச் சுதந்திரம் என்று எப்படிச் சொல்வது என்பதுதான் சுப்பா ராவ் தீர்ப்பின் உயிர். 1967இல், தலைமை நீதிபதியாக, சத்வந்த் சிங் வழக்கில் வெளிநாடு போவதும் தனிமனித சுதந்திரத்தில் சேர்ந்தது என்று பெரும்பான்மைக்காக எழுதியவரும் அவர்தான். அவர் 1962இல் எழுதியது சிறுபான்மைத் தீர்ப்பாக 55 வருடம் கிடந்தது. 24.8.2017 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றும், கரக் சிங் பெரும்பான்மைத் தீர்ப்பு அதை மறுத்த அளவில் தவறு என்றும் சொன்னார்கள். என் வாதத்தின் முதுகெலும்பு அது.

வேறொரு வழக்கையும் குறித்துக்கொண்டு போனேன். ரஹினா இப்ராஹிம் மலேசியப் பெண்மணி, ஸ்டான்ஃபோர்டில் ஆராய்ச்சி மாணவி. 2005 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் வந்த அவரைக் கைவிலங்கிட்டு அழைத்துப்போனார்கள். காரணம் தெரிவதற்கு நீதிமன்றத்தில் போராடி ஒன்பது வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் 2004இல் படிவத்தை நிரப்பும்போது, குறிப்பைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு தப்பான கட்டங்களில் குறி போட்டிருந்தார். வேறொன்றும் இல்லை. 2014இல் நீதிபதி அதைத் தீர்ப்பில் பதிவு செய்தார். அந்த நாட்டு வழக்கு நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் ஒரு பேனாக் கோட்டைத் திருத்த ஒன்பது வருடம் ஆகும் என்பதை நீதிபதிக்குச் சொல்ல விரும்பினேன்.

முதல் நாள் வாதத்தைக் கேட்டுவிட்டு நீதிபதி, "கோப்பைக் கொண்டுவரச் சொல்லுங்கள்" என்றார். இரண்டு வாரம் கழித்து கூடுதல் அரசு வழக்கறிஞர் கோப்போடு வந்தார். இளம்வயதுப் பெண். அவரிடம் நான் மரியாதை வைத்திருக்கிறேன். எதையும் மறைக்காமல் கோப்பை அப்படியே மேலே கொடுத்தார்.

மேலே இருந்தது 2011 கோரிக்கை. அதற்குக் கீழே 2012இல் ஜாமீன் ஆனதும் எழுதிய கடிதம். அதில் 'பெயரை நீக்குக' என்று இல்லை. 'தடுக்க வேண்டாம், வரவு போக்கைத் தெரிவிக்கவும்' என்று இருந்தது. பிறகு ஆண்டுதோறும் நீட்டிப்புக் கடிதம். எல்லாம் ஒரே தட்டச்சு, ஒரே வாசகம், வருடத்தை மட்டும் பேனாவால் திருத்தியிருந்தார்கள். "மேற்படி நபர் மீதான வழக்கு நிலுவையில் உள்ளதால்..." விடுதலைத் தீர்ப்புக்குப் பிறகும் அதே வாசகத்தோடு ஆறேழு கடிதங்கள். 2021க்குப் பிறகு கடிதம் இல்லை, தேவைப்படவும் இல்லை. 22.2.2021 அன்று வந்த புதிய வழிகாட்டுதலில் ஒரு வருட ஆயுளை எடுத்துவிட்டார்கள். போட்டவரே நீக்கச் சொல்லும்வரை பெயர் இருக்கும், தானாக எதுவும் நீங்காது. காலாண்டுக்கு ஒருமுறை போட்டவர் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கோப்பில் ஒரு காலாண்டுக்கும் அப்படி ஒரு தாள் இல்லை.

அடுத்து, வரவு போக்குச் செய்திகள். நீதிபதி எண்ணச் சொன்னார். 16. அவருடைய நோட்டிலும் 16. தேதிக்குத் தேதி ஒத்துப்போனது. அந்தப் பள்ளிக்கூட நோட்டை யாரும் இனிச் சந்தேகிக்க முடியாது என்று அந்த நிமிடத்தில் எனக்கு நெஞ்சு நிறைந்தது.

வரவுச் செய்தி ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் நீல மையில் கையெழுத்துக் குறிப்பு இருந்தது. வீட்டுக்குப் போய் விசாரித்த ஏட்டு எழுதியது. நீதிபதி ஒன்றை எடுத்து வாய்விட்டுப் படித்தார். 2017இல் அவர் இரண்டாம் முறை வந்தபோது எழுதியது.

"மேற்படி நபர் நேற்று வந்துள்ளார். தாயார் இறந்த காரியம். தலை மழித்துள்ளார். 16ஆம் நாள் முடித்துத் திரும்புவதாக அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் தெரிகிறது. வேறு நடவடிக்கை இல்லை."

என் கட்சிக்காரர் பின்வரிசையில், சுவரோரம் நின்றிருந்தார். நான் திரும்பிப் பார்த்தபோது அவருடைய வலது கை தலைமேல் இருந்தது.

"இதை எழுதிவைத்து என்ன செய்தீர்கள்?" என்று நீதிபதி கேட்டார்.

அரசு வழக்கறிஞர் பின்னால் நின்ற எஸ்.ஐ.யைத் திரும்பிப் பார்த்தார். அவர் பக்கத்தில் நின்ற ரைட்டரைப் பார்த்தார். "யாரும் எதுவும் செய்யவில்லை, மை லார்ட். கோப்பில் சேர்த்திருக்கிறார்கள்" என்றார் அந்தப் பெண்.

எனக்கு இந்த வழக்கில் சொல்ல இருப்பது அந்தப் பதிலில் இருக்கிறது. இவருக்கு எதிராக ஒரு அதிகாரியும் சதி செய்யவில்லை. திறக்கும்போது எஸ்.பி. கையெழுத்து, காரணம், பிரிவு எண் எல்லாம் கேட்கிற ஏற்பாடு, மூடுவதற்கு ஒரு ஆளைக் குறித்து வைக்கவில்லை. விடுதலைத் தீர்ப்பு வந்த அன்று மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு பட்டியல் இருப்பதே தெரியாது. கவுண்டரில் இருக்கும் அதிகாரிக்குத் தீர்ப்பு தெரியாது. ஏட்டுக்கு, செய்தி வந்தால் போய் விசாரிக்க வேண்டும் என்று மட்டும் தெரியும். சம்பந்தப்பட்டவருக்கோ யாரும் எதையும் தெரிவிக்கவில்லை. எல்லோரும் அவரவர் வேலையைச் செய்ததில்தான் ஒரு பெண்ணுக்கு வந்த வரன் போனது, அம்மாவுக்குக் கொள்ளி வைத்த மகன் மொட்டைத் தலையோடு போலீசுக்குப் பதில் சொன்னான்.

கடத்தல்காரர்களையும் வங்கியை ஏமாற்றி ஓடுகிறவர்களையும் அரசு கண்காணிக்கத்தான் வேண்டும். அதை மறுக்கிற வக்கீல் இல்லை நான். ஆனால் இந்த மனுவை நான் தயாரித்துக்கொண்டிருந்த அதே 2022 ஆகஸ்டில், 8ஆம் தேதி, சுங்கத் துறையின் புதிய ஒழுங்குமுறை அரசிதழில் வந்தது. சர்வதேச விமானத்தில் வருகிற, போகிற ஒவ்வொருவருடைய முன்பதிவு விவரத்தையும் விமானம் கிளம்ப 24 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனங்கள் கொடுக்க வேண்டும். தொலைபேசி எண், பணம் கட்டிய விதம், எந்த முகவர், எந்த இருக்கை, எத்தனை பெட்டி எல்லாம் அதில் சேரும். ஐந்து வருடம் வைத்திருக்கலாம். வழக்கு, பிடியாணை, சந்தேகம் எதுவும் வேண்டியதில்லை. டிக்கெட் வாங்கினால் போதும். அடுத்த வருடம் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவோ, மத்திய அரசு அறிவிக்கிற அரசு அமைப்புகளுக்கு விலக்குக் கொடுக்க இடம் வைத்திருக்கிறது. என் கட்சிக்காரர் விஷயத்தில் கையெழுத்துப் போட்ட ஏட்டு ஒருவர் இருந்தார், நீல மை இருந்தது, நீதிபதி கேட்டால் கொண்டுவர ஒரு கோப்பு இருந்தது. கணினி தானாகச் சேர்த்து வைப்பதில் யாரை அழைத்து, இதை வைத்து என்ன செய்தீர்கள் என்று கேட்பது? எனக்கு இந்தக் கவலை நிஜமாகவே ராத்திரியில் வருகிறது.

தீர்ப்பு ஆறு பக்கம். வழக்கே முடிந்த பிறகு எல்.ஓ.சி. நிற்பதற்கு ஆதாரம் இல்லை, இரண்டு வாரத்தில் நீக்கி மனுதாரருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அந்த மாவட்டத்தில் போடப்பட்ட மற்றவற்றையும் பரிசீலிக்க வேண்டும் என்று உத்தரவு. தடுக்கவில்லை என்ற வாதத்தை நீதிபதி ஏற்கவில்லை. ஒருவருடைய வரவு போக்கைக் காரணமில்லாமல் தொடர்ந்து குறித்துக்கொண்டிருப்பதே அந்தரங்கத்தில் நுழைவதுதான் என்று புட்டசாமியைக் காட்டி எழுதினார். குறிப்புகளை அழிக்கச் சொன்ன இரண்டாவது பரிகாரத்தை மட்டும் கொடுக்கவில்லை. அதற்கு அதிகாரிகளிடம் தனியே மனுக் கொடுக்கலாம், சட்டப்படி பரிசீலிக்கட்டும் என்று விட்டுவிட்டார். அந்த இடத்தில் எனக்கு ஏமாற்றம்தான். இன்னும் ஓரடி அழுத்தி வாதாடியிருக்க வேண்டுமோ என்று இப்போதும் தோன்றுகிறது.

பெயர் நீங்கியது. அடுத்த பயணத்தில், கவுண்டரில் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை என்று சிங்கப்பூரிலிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினார். மகளுக்கு 2024 தை மாதம் கல்யாணம் நடந்தது, குடும்பத்தோடு போய்வந்தேன். பந்தியில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். "அந்தச் சீட்டெல்லாம் என்னாச்சு சார்?" என்று கேட்டார். பரிசீலனையில் இருக்கிறது என்று சொன்னேன்.

"எங்கம்மா செத்தது அவங்க கட்டுல எதுக்கு சார் இருக்கணும்?"

குறிப்புகளை அழிக்கக் கேட்ட மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தோம். ஒப்புகை அட்டை வட்ட முத்திரையோடு திரும்பி வந்து, எங்கள் கட்டில் இருக்கிறது. மூன்றாவது நினைவூட்டலைப் போன வாரம் அனுப்பினேன்.